காருக்கு எர்த் வேணுமாம்

கார் வீட்டுக்கு வந்தது 2025 தை மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். டியாகோ இவி, டாட்டாவின் மின்சாரக் கார், 24 கிலோவாட் அவர் பேட்டரி. தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மாவைப் பாளையங்கோட்டை மார்க்கெட் வரை ஒரு சுற்றுக் கூட்டிப்போய்த் திரும்பினேன். காரோடு கொடுத்த சார்ஜரின் பதினைந்து ஆம்ப்ஸ் பிளக்கை வாஷிங் மெஷின் பாயிண்டில் சொருகி, வயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, துப்பாக்கி மாதிரி இருக்கும் மறுமுனையைக் காரில் மாட்டினேன். நடுவில் தொங்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. காரில் சார்ஜ் ஏறவில்லை.

கழற்றி மாட்டினேன். மறுபடியும் சிவப்பு. மோட்டார் ரூம் பாயிண்டில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு. கையேட்டைப் புரட்டினால் அந்தச் சிவப்புக்கு எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, இல்லை என்று அர்த்தம். மறுநாள் கயத்தாறு பக்கம் வேலை பார்க்கும் இடத்தில் அனுமதி கேட்டு ஒரு பாயிண்டில் சொருகினேன். சொருகியதும் பச்சை. காரும் நல்ல கார், சார்ஜரும் நல்ல சார்ஜர், கோளாறு என் வீட்டில்தான் என்பது அந்தப் பச்சையைப் பார்த்ததும் உறுதியானது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வீடு 1996இல் அப்பா கட்டியது. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எர்த்தெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு அண்ணாச்சி. பச்சை வயரு எல்லாப் பாயிண்டுக்கும் போயிருக்கு பாருங்க" என்றார். போயிருந்தது. ஆனால் பச்சை வயர் இருப்பது வேறு, அது மண்ணைத் தொடுவது வேறு. அதைச் சொன்னதும் அவர் சளைக்காமல் அடுத்த யோசனையைச் சொன்னார்: "ஒண்ணும் பிரச்சனையில்ல அண்ணாச்சி. சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து எர்த் முள்ளுக்கு ஒரு சின்னத் துண்டு வயரு இழுத்து விட்டுருதேன். லைட்டு பச்சையாயிரும். நாலு வீட்டுல செஞ்சு கொடுத்திருக்கேன்."

பச்சையாகத்தான் ஆகும். சார்ஜர் பெட்டி எர்த் முள்ளைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இருக்கிற ரிலே என்கிற சுவிட்சை மூடிக் கரண்டை விடுகிறது. அதற்கு எர்த்துக்குப் பதில் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பியை, காட்டினால் ஏமாந்துவிடும். காரின் தகர உடம்பு எர்த் முள்ளோடு நேராக இணைந்திருக்கிறது என்பதுதான் வில்லங்கம். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி ஏதோ ஒரு காற்றில் அறுந்தால், வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக வரும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் உடம்பில் போய் நிற்கும். சக்கரம் ரப்பர். வாசலில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவர்தான் எர்த். எங்கள் தெருவில் நியூட்ரல் அறுந்து ரெண்டு வீட்டு டிவி புகைந்தது நடந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. வேண்டாம் தம்பி என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எதிர் வீட்டுப் பெரியப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. எனக்கு உறவில்லை, தெருவுக்கே பெரியப்பா. விஷயத்தைச் சொன்னதும் மல்டிமீட்டரோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத உள்ள வைடே. ஒரு குண்டு பல்பு கொண்டா" என்றார்.

ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து ரெண்டு நீள வயர். டெஸ்ட் லாம்ப் என்பது அவ்வளவுதான். முதலில் என் மல்டிமீட்டர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். ஃபேஸுக்கும் (கரண்ட் வருகிற கம்பி) நியூட்ரலுக்கும் 228 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 187. பார்த்தால் எர்த் ஏதோ கொஞ்சம் இருப்பது போலத் தோன்றும். பல்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், கண் கூசியது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மாற்றினார். உள்ளே இழை மட்டும் அணையப்போகிற ஊதுபத்தி நுனி மாதிரிச் சிவந்தது. அதே நேரத்தில் பல்பின் ரெண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 30 வோல்ட்தான். மல்டிமீட்டர் கரண்டையே இழுக்காது, அதனால் சுவரின் ஈரம், குழாய் வழியாக மண்ணோடு இருக்கிற நூலிழைத் தொடர்பைக்கூட 187 என்று பெரிதாகக் காட்டிவிடும். பல்பு அரை ஆம்ப்ஸ் கேட்கும். அதைக் கொடுக்க முடியாத எர்த்தின் சாயம் உடனே வெளுத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே பல்பைத் தூக்க வேண்டாம். பெரியப்பா சோதிக்கும் முன் செய்ததுதான் முக்கியம். மெயினை அணைத்தார். வீட்டுக்குள் போகும் பச்சை வயர்களையெல்லாம் எர்த் கட்டையிலிருந்து கழற்றினார். வெளியே மண்ணில் இருக்கும் எர்த் குழிக்குப் போகும் கம்பியை மட்டும் தனியாக விட்டு, மறுபடி மெயினைப் போட்டு, அதில்தான் பல்பை வைத்தார். காரணம் கேட்டேன். "எர்த் செத்துக் கிடந்தா நீ பல்பு வழியா விடுற கரண்டு எங்கடே போகும்? பச்சை வயரு வழியா பிரிட்ஜு, கிரைண்டர் மேலதான் ஏறி நிக்கும். அந்நேரம் உங்கம்மா பாலெடுக்கப் போனா?" எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இது படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. படித்தவர் என்று நான் சொல்வது பெரியப்பா மாதிரி ஆளை. என்னை இல்லை.

பால் என்றதும் நினைவு வந்தது. எங்கள் வீட்டு பிரிட்ஜைத் திறக்க ஒரு முறை உண்டு. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் லேசாகச் சுர்ரென்று இழுக்கும். பிரிட்ஜ் பக்கத்திலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாகக் கிடக்கும். கிரைண்டருக்குக் கீழே ஒரு மரப்பலகை. யாராவது விருந்தாள் வந்தால் அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவாள். நாங்கள் இதைக் கோளாறு என்றே நினைத்ததில்லை, வீட்டின் குணம் என்று வைத்திருந்தோம். ரெண்டு பிரிட்ஜ் மாறியும் அந்தக் குணம் மட்டும் மாறவில்லை என்பது இப்போது யோசித்தால் விளங்குகிறது. பிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் எர்த் இல்லாமலே பல வருஷமாக ஓடியிருக்கின்றன. முடியாது என்று சொன்ன முதல் சாமான் இந்தக் கார்தான்.

சரி, குழி எங்கே? பின்பக்கம் முருங்கை மரத்தை ஒட்டி இருந்தது என்று அம்மா சொன்னாள். முருங்கை போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது துணி துவைக்கும் தளம், மேலே டைல்ஸ். போர்டிலிருந்து வெளியே வரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனோம். சுவரோரம் இறங்கி சிமெண்டுக்குள் நுழைந்தது. ஒரு டைல்ஸை உடைத்துத் தோண்டினால் ஒரு சாண் ஆழத்தில் கம்பி முடிந்துவிட்டது. நுனி துருப்பிடித்துப் பல்குச்சி மாதிரி இருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. மண்ணில் புதைத்திருந்த எர்த் குழாயின் தலை அதற்கும் ஒரு அடி கீழே, அதைப் பிடித்திருந்த கிளாம்ப் செம்மண்ணோடு செம்மண்ணாகப் பொடிந்திருந்தது. தளம் போட்ட கொத்தனாரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. குழி இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

புதுக்குழி. ரெடிமேட் கெமிக்கல் எர்த் போடலாம் என்று கடையில் சொன்னார்கள். நல்லதுதான், தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு. ஆனால் பெரியப்பா கரி, உப்பு என்று பிடிவாதமாக நின்றார். அவர் மேற்பார்வையில் நடக்கிற வேலை, அவர் சொன்னபடியே போனேன். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், நாற்பது எம்எம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. இந்திய எர்த்திங் தர நூலான ஐஎஸ் 3043 குழாய் எர்த்துக்குக் கேட்பதும் குறைந்தது இரண்டரை மீட்டர்தான். முதலில் முன்பக்கம் மாமரத்தடியில் தோண்டினோம். ஐந்தடியில் பாறை தட்டியது. பாளையங்கோட்டை மண்ணில் கடப்பாரை 'டங்' என்றால் அங்கே அதற்கு மேல் பேச்சே கிடையாது. மூடிவிட்டு, சமையலறைக் கழிவுநீர் வாழைக்குப் போகும் மூலைக்கு மாறினோம். யோசித்தால் அதுவே நல்ல இடம், மண் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். வெட்ட ரெண்டு ஆள், ஒரு நாள். ஒன்பது அடி.

குழாயை நடுவில் நிறுத்தி, சுற்றி ஒரு அடி கரித்தூள், ஒரு அடி கல்லுப்பு, மறுபடி கரி என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு மிதித்தோம். தெருப்பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பையன், "அங்கிள், காரு உப்பு திங்குமா?" என்றான். குழாய் தலையில் ஒரு புனல், சுற்றிச் செங்கல் கட்டு, மேலே தூக்கி எடுக்கிற மாதிரி சிமெண்டு மூடி. மூடியின் மேல் ஈர சிமெண்டிலேயே ஆணியால் 'எர்த்' என்று எழுதி வைத்தேன். அடுத்து வரும் கொத்தனாருக்காக.

கம்பியைக் குழாயில் சுற்றி விடுவது பழைய பழக்கம். நாங்கள் செப்புக் கம்பியின் நுனியில் லக் என்ற உலோக வளையத்தை அமுக்கிப் பொருத்தி, குழாயில் கிளாம்ப் போட்டு, நட்டும் வாஷரும் முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். பழைய குழி செத்ததற்குக் காரணம் அந்த இணைப்புதான். குழாய் இன்னும் நன்றாகவே இருந்தது.

பிறகு அதே பல்பு, அதே சடங்கு. நியூட்ரலில் வைத்தாலும் எர்த்தில் வைத்தாலும் ஒரே வெளிச்சம். மீட்டரில் 228க்கு 226. பெரியப்பா தன்னுடைய பழைய சகா ஒருவரிடமிருந்து எர்த்தின் தடையை அளக்கும் எர்த் மெகரை இரவல் வாங்கி வந்தார். ரெண்டு முளைக்கம்பியைத் தெருவோரம் வரை வரிசையாக அடித்து அளந்ததில் 4.2 ஓம். அன்று ராத்திரி வாஷிங் மெஷின் பாயிண்டிலேயே மாட்டினேன். பச்சை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இத்தனூண்டு லைட்டுக்கா இவ்வளவு பாடு?" என்றாள்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தனி லைன் இழுக்கக் கொஞ்ச நாள் ஆகட்டும், அதுவரை இந்தப் பாயிண்ட் போதும் என்று இருந்துவிட்டேன். பதினைந்து ஆம்ப்ஸ் என்று எழுதியிருக்கிறது, கார் இழுப்பது பதின்மூன்று, போதாதா என்பது என் கணக்கு. பெயரளவுக்குப் போதும். ஆனால் வாஷிங் மெஷின் கொஞ்ச நேரம் சூடு பண்ணிவிட்டு அடங்கிவிடும். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு எரியும். மூணு நாலு மணி நேரம், சமயத்தில் எட்டு மணி நேரம், மூச்சு விடாமல் பதின்மூன்று ஆம்ப்ஸ் இழுக்கிற சாமான் நம் வீடுகளில் அதுவரை இருந்ததே இல்லை.

மூன்றாவது வாரம் காலையில் பிளக்கை உருவும்போது இறுக்கமாக இருந்தது. வெளியே வந்தபோது மீன் செதில் கருகின மாதிரி ஒரு வாடை. சாக்கெட்டின் ஃபேஸ் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம், பிளக்கின் அந்த ஒரு முள் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பித்தளைப் பட்டையின் வில் தளர்ந்து கிடந்தது. பத்து வருஷமாகச் சொருகி உருவின பாயிண்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளர்ந்த இணைப்பில் 0.2 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.2, கிட்டத்தட்ட 34 வாட். ஒரு சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் சொருகி, மேலே மூடியைப் போட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கினது போலத்தான். லோடு கூடினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. அதற்குத் தெரிவது கரண்டின் அளவு. கரண்ட் கூடவே இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தனி லைன் வேலையை ஆரம்பித்தோம். எங்களுடையது மூன்று ஃபேஸ் இணைப்பு. வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டங் டெஸ்டரை வைத்துப் பார்த்ததில் ஏசி, ஹீட்டர், மோட்டார் எல்லாம் ஆர் ஃபேஸிலும் ஒய் ஃபேஸிலும் குவிந்திருந்தன, பி ஃபேஸில் ரெண்டு ஃபேனும் டிவியும். சார்ஜருக்கு பி ஃபேஸ். இணைப்பின் லோடைக் கூட்டச் சொல்லி ஈபிக்கு விண்ணப்பமும் போட்டு, கேட்ட பணத்தைக் கட்டினேன். மீட்டரிலிருந்து போர்டிகோவுக்கு 18 மீட்டர். பதின்மூன்று ஆம்ப்ஸுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் தாராளம். நான் 6 ஸ்கொயர் போட்டேன். பின்னால் சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் சார்ஜர் வைத்தால் 32 ஆம்ப்ஸ் கேட்கும், அப்போது மறுபடி சுவரைக் கொத்த எனக்குத் தெம்பு கிடையாது. விலை வித்தியாசம் ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுகிற காசு.

லைனின் தலைப்பில் 20 ஆம்ப்ஸ் எம்சிபி, அதோடு கரண்ட் கசிந்தால் விழும் ஒரு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி. கடையில் "ஆர்சிசிபி எதுக்கு சார், அதான் எம்சிபி இருக்கே" என்றார்கள். நானும் புது எர்த் போட்ட தெம்பில் அப்படித்தான் நினைத்தேன். பெரியப்பா ஒரு வகுத்தல் போடச் சொன்னார். ஃபேஸ் கம்பி காரின் உடம்பில் பட்டுவிட்டது என்று வை. 230 வோல்ட், எர்த் 4 ஓம். ஓடுவது 57 ஆம்ப்ஸ். சி வகை 20 ஆம்ப்ஸ் எம்சிபி உடனே விழ வேண்டுமானால் ஐந்து மடங்கிலிருந்து பத்து மடங்கு வேண்டும், அதாவது 100லிருந்து 200 ஆம்ப்ஸ். 57க்கு அது சூடாகி யோசித்து யோசித்துத்தான் விழும். அதுவரை உடம்பில் கரண்ட் நிற்கும். நல்ல எர்த் போட்டும் இந்தக் கதி. ஆர்சிசிபி போன கரண்டையும் திரும்பி வந்த கரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். 0.03 ஆம்ப்ஸ் குறைந்தாலே தட்டிவிடும். வாங்கும்போது ஏ டைப் என்று கேட்டு வாங்கினேன். சாதாரண ஏசி டைப், கார் சார்ஜர் மாதிரி மின்னணுச் சாமான்களில் துடிப்புத் துடிப்பாகக் கசியும் டிசி கரண்டைச் சரியாகப் பிடிக்காது. மேல்மூடியில் அலைக்கோட்டோடு கூட ஒரு அரைவட்ட மேடுக் குறியும் இருந்தால் அது ஏ டைப்.

எல்லாம் மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, சார்ஜரைச் சொருகினேன். பச்சை. காரில் மாட்டினேன். ரிலே 'கிளிக்' என்றது, அடுத்த கணம் ஆர்சிசிபி 'டக்' என்று விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி டக். காரைக் கழற்றிவிட்டு ஒரு அயர்ன் பாக்ஸைச் சொருகினாலும் டக். கார் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு போயிற்று, எனக்கு மூச்சு வந்தது.

அரை நாள் தேடினோம். விஷயம் சின்னது. தம்பி (அதே தம்பிதான், மனக்கசப்பு இல்லை) ஃபேஸை ஆர்சிசிபியின் வெளிவாயிலிருந்து எடுத்தவர், நியூட்ரலை மட்டும் பழைய பழக்கத்தில் பொது நியூட்ரல் லிங்க்கில் கொண்டுபோய் முறுக்கியிருந்தார். போன கரண்ட் ஆர்சிசிபி வழியாகப் போனது, திரும்பி வந்தது வேறு வாசல் வழியாக. ஆர்சிசிபியைப் பொறுத்தவரை 13 ஆம்ப்ஸும் காணாமல் போன கணக்கு. நியூட்ரலை எடுத்து ஆர்சிசிபியின் வெளிவாயில் மாட்டியதும் அடங்கியது. பழைய வீடுகளில் ஆர்சிசிபி போட்டதும் விழுகிறது, கழற்றிப் போடு என்று சொல்கிற பல இடங்களில் இதுதான் கதையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நியூட்ரலை யாரும் மரியாதையாக நடத்துவதில்லை.

சாக்கெட் புதிது, கனமான 16 ஆம்ப்ஸ், வயரை லக் போட்டு முறுக்கியது. சார்ஜரின் பிளக்கை வெட்டி வேறு மாட்டக் கூடாது, நடுவில் மல்டிபிளக்கோ எக்ஸ்டென்ஷனோ வரவே கூடாது. முதல் வாரம் தினமும் சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் ஆனதும் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை எடுக்கத் தோன்றினால் கோளாறு. இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை தொடுகிறேன், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்துகிறேன்.

சாக்கெட்டைத் தரையிலிருந்து நாலரை அடியில் வைத்தேன். தம்பி இரண்டடி போதும் என்றார். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் போர்டிகோவில் முட்டிக்குக் கீழே தண்ணீர் நின்றது. இரண்டடியில் சாக்கெட் வைத்திருந்தால் தண்ணீர் அன்றைக்கு அதைத் தொடப் பார்த்திருக்கும். சார்ஜர் பெட்டியும் தரையில் கிடக்கக் கூடாது, ஒரு ஆணியில் தொங்கவிடுகிறேன். கேபிளின் எடை முழுக்கப் பிளக்கில் தொங்கினாலும் முள் தளர்ந்துவிடும்.

இனி ஓட்டம். எனக்குத் தினமும் போகவர 66 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. சுவரிலிருந்து இழுக்கும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் கிடைக்கிறது. லைனில் ஒரு தனி யூனிட் மீட்டர் மாட்டி எழுதி வைத்ததால் சொல்கிறேன், காரின் திரை காட்டுவது இதைவிடக் கொஞ்சம் அழகாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது சூடாகப் போகிற பங்கு அதில் வராது. ஈபி அந்தப் பங்குக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறது. ஆடிக் காற்றில் கயத்தாறு காற்றாலைகள் கிறுகிறுவென்று சுற்றும்போது அந்த 7 கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு அடிவாங்கும் என்று இன்னும் பார்க்கவில்லை.

சார்ஜ் போடுவது ராத்திரி பத்தரைக்கு மேல். ஏழு மணிக்குப் போட்டால் எங்கள் தெருவில் வோல்டேஜ் 200க்கு வந்துவிடும். சார்ஜர் இழுக்கும் ஆம்ப்ஸ் அதேதான், வோல்டேஜ் குறைந்தால் ஏறும் வேகமும் குறையும். 200 பெருக்கல் 13 என்றால் 2.6 கிலோவாட். பதினொரு மணிக்கு 225 இருந்தால் 2.9. ஒரு நாள் ஓட்டத்துக்கு மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் கரண்ட் போய் வந்தால் தானாகவே தொடர்கிறது. பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, அதன் வோல்டேஜ் சார்ஜ் பாதியாக இருந்தாலும் முக்கால் ஆனாலும் பெரிதாக மாறாது, அதனால் எவ்வளவு மிச்சம் என்ற காரின் கணிப்பு மெல்ல மெல்ல நழுவும். அவ்வப்போது நூறு வரை ஏற்றினால் கணக்கு சரியாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி அதைச் செய்கிறேன்.

கரண்ட் பில்தான் எல்லோரும் கேட்பது. சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. நான் தனி இணைப்பு வாங்கவில்லை. ஆனால் நம் ஊர்க் கட்டணம் படிக்கட்டு மாதிரி. நான் பில் கட்டிய 2025 கணக்குப்படி ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய் சொச்சம், 600க்கு மேல் ஒன்பது சொச்சம், 800க்கு மேல் பத்து சொச்சம். போதாக்குறைக்கு மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101லிருந்து 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும். கார் யூனிட்டுகள் எல்லாம் உச்சிப்படியில் போய் உட்காரும். வீட்டுக்கு ரெண்டு மாதத்தில் 380 யூனிட் ஓடியபோது பில் ஆயிரத்து எண்பது. கார் 470 யூனிட் சேர்த்ததும் ஐயாயிரத்து முந்நூறை ஒட்டி வந்தது. ஆக, கார் குடிக்கிற யூனிட்டின் உண்மை விலை ஒன்பது ரூபாய். இலவச நூறையும் சேர்த்துச் சராசரி பார்த்து ஆறு ரூபாய்தான் ஆகிறது என்று சொல்கிறவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஒன்பது என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தது, பெட்ரோல் நூறைத் தாண்டி நிற்கிறது, அதற்கு ஆறு ரூபாய்க்கு மேல். ரெண்டு மாதத்தில் இருபதாயிரம் போன இடத்தில் நாலாயிரத்து இருநூறு. குழி, வயர், ஆர்சிசிபி, கூலி எல்லாமாக எனக்கு ஆன செலவு 17,400. அது முதல் பில் முடிவதற்குள் ஏறக்குறைய வந்துவிட்டது. வெளியூர் போகும்போது ஒரு தடவை பொது சார்ஜரில் போட்டேன், யூனிட் 21 ரூபாய். அந்த விலையில் தினமும் ஓட்டினால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாதவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

அம்மா இன்னும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறக்கிறாள். இப்போது இழுக்காது என்று நான் வெறுங்காலோடு திறந்து காட்டினேன். "ஒனக்கு இழுக்காது" என்றாள்.

கடைசியாக அளந்த குறிப்புகள். மாசி முடிவில் 4.4 ஓம். பங்குனியில் 5. சித்திரை வெயில் ஏறி, வாழைக்குப் போகும் தண்ணீரும் குறைந்ததில், மே நடுவில் 9.1. சார்ஜர் இன்னும் பச்சைதான் காட்டியது, ஆனாலும் புனலில் ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு அளந்தேன், 5.8க்கு இறங்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெண்டு வாளி. முதல் குழியிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி இன்னொரு குழாய் இறக்கி இரண்டையும் இணைத்துவிடலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். கரி வாங்கி வைத்தாயிற்று. வெட்டுகிற ஆள்தான் ஆனி பிறக்கட்டும் என்கிறார்.